கண்மாய்ப் பாதையை மீட்க ஞாயிறு காலை வாருங்கள்!

தோழர்களே!

கண்மாய்க்கரையிலிருந்து பள்ளிக்கூடம் போகும் நம் வண்டிப்பாதை மூடிக்கொண்டு வருகிறது. எதிரெதிரே வந்த மாட்டுவண்டிகள் ஒதுங்கிப் போன தடம் அது. இன்று ஒற்றை ஆள் நுழைந்தாலே சட்டை கிழிகிறது. இருபுறமும் சீமைக்கருவேலம், அடியில் பார்த்தீனியம். பிள்ளைகள் லாரி பறக்கும் தார்ரோட்டில் சுற்றிப் போகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார நமக்கு எப்படி மனசு வருகிறது?

யாராவது வந்து வெட்டுவார்கள் என்று இனியும் இருக்காதீர்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னது. 2022-இல் அந்நியக் களைச்செடிகளை ஒழிக்க அரசே கொள்கை வெளியிட்டது. நம்மூர் முள் இரண்டையும் படிக்கவில்லை!

புலப்படத்தில் இது இன்னும் பாதைதான். ஆனால் ஆள் நடக்காத பாதையை அக்கம்பக்கத்து ஏர் மெல்ல மெல்ல உழுதுவிடும். பிறகு சர்வேயரைக் கூட்டிவந்து, கல் ஊன்றி, பங்காளிகளோடு மல்லுக்கட்டி... அந்தப் பாடு வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணி, ஐயனார் கோயில் திடல். தள்ளிப்போட வழியில்லை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசல் காலை விடாது. பார்த்தீனியத்தையும் பூத்து விதை சிந்துவதற்குள் பிடுங்கியாக வேண்டும்.

கருவேலத்தை மேலாக வெட்டிப் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போவது வேலையல்ல. கட்டையை விட்டால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். தூரோடு தோண்ட வேண்டும். அரிவாளோடு கடப்பாரை, மண்வெட்டி, முள்ளை இழுத்துப்போடக் கவைக்கம்பு எல்லாம் வேண்டும். ரப்பர் செருப்போடு வராதீர்கள். அந்த முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்குள் ஒடியும். பூட்ஸ் வைத்திருப்பவர்கள் முன்னால் நில்லுங்கள். பார்த்தீனியத்தில் வெறுங்கை படக் கூடாது. புதரைக் கம்பால் தட்டிவிட்டே கை வையுங்கள், விரியன் படுத்திருக்கும். ஆவாரையையும் நொச்சியையும் விட்டுவிடுங்கள், அவை நம் மண்ணுக்குரியவை. எதையும் கொளுத்த வேண்டாம். விறகு வேண்டியவர்கள் எடுத்துப் போகட்டும். மிச்சத்தைக் கரிமூட்டத்துக்கு ஏற்றிவிடலாம்.

அக்காமாரே, நூறுநாள் வேலையில் கண்மாய் வெட்டிய உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. நீங்கள்தான் இந்தப் பயல்களை வேலை வாங்க வேண்டும்.

கஞ்சி ஊரில் காய்ச்சுகிறோம், தூக்குச்சட்டி மட்டும் கொண்டுவாருங்கள். அரிவாளைச் சனிக்கிழமையே சாணை பிடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.