ஏறத் தெரிந்தால் போதுமா?

கூரையிலிருந்து தொங்கும் நீண்ட துணியைப் பற்றி ஏறி, உயரத்தில் பறவைபோல் கைகால் விரித்து நிற்கும் பெண்களைக் கைபேசித் திரையில் காணாத தோழியர் இன்று நம்முள் எவருமிலர். சில்க்ஸ் என்பர் அதனை. பெயர்தான் பட்டு, துணியோ பெரும்பாலும் நைலான். அதன் உடன்பிறப்பு ஹூப் எனப்படும் தொங்கு வளையம். ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவுள்ள எஃகு வளையம் அது. இவற்றைக் கற்க வேண்டும் என்னும் ஆவல் எங்களைப் போன்ற பத்தாம் வகுப்பு மாணவியர் பலருக்கு உண்டு. ஆவல் நன்றே. ஆனால், "எத்தனை மாதத்தில் மேலிருந்து சுழன்று விழும் வித்தையைச் செய்யலாம்?" என்பதே முதற்கேள்வியாக இருப்பது நன்றன்று என்பது எங்கள் கருத்து.

இக்கலையைத் தொடக்க நிலை, இடை நிலை, உயர் நிலை எனப் பயிற்சிக்கூடங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு கூடத்தின் இரண்டாம் நிலை மற்றொரு கூடத்தில் மூன்றாம் நிலையாக இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் எழுத்தும் மதிப்பும் தந்து உலகப் போட்டிகளுக்கெல்லாம் ஒரே விதிநூல் வைத்திருப்பதுபோல் இங்கே இல்லை. ஆகவே, "நான் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டேன்" என்று பெருமை பேசுவதில் பெரிதாகப் பொருளில்லை. ஆனால் எதன்பின் எது என்ற வரிசை மட்டும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் தொங்கக் கற்க வேண்டும். சிரிக்காதீர்கள், தோழியரே! தோள் காதைத் தொடக் கொடியில் உலரும் துணிபோல் கிடப்பது தொங்குதல் ஆகாது. தோள்பட்டைகளைக் கீழிழுத்து நிறுத்தி, தசையின் பிடியில் தொங்க வேண்டும். இல்லையேல் உடலின் பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். அடுத்தது, துணியைக் காலில் சுற்றி ஏறுதல். உடனேயே, கைமாற்றிக் கைமாற்றி இறங்குதல். வழுக்கிக்கொண்டு வந்தால் துணி உராய்ந்து தோல் தீப்பட்டதுபோல் எரியும். அதன்பின் பாதத்தைத் துணியால் பூட்டும் கால்பூட்டு. அதைத் தரையை ஒட்டிப் பலமுறை போட்டு அவிழ்த்துப் பழகிய பிறகே உயரத்தில் போட வேண்டும். தலைகீழாவதும் அப்படியே. எம்பிக் குதிக்காமல் கால்களை மெல்ல மேலே கொண்டுபோகும் வலிமை தரையில் வந்த பின்னரே அதை ஆகாயத்தில் செய்யலாம். செய்ததை எல்லாம் இடப்பக்கமும் செய்து காட்ட வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு மீண்டும் முதலாம் வகுப்பில் உட்கார்ந்ததுபோல் இருக்கும்!

டிராப் எனப்படும் விழும் வித்தை இவற்றிற்கெல்லாம் பின்னர் வருவது. உயரத்தில் உடலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கையை விடுகிறார்கள். சுற்று அவிழ அவிழ உடல் கீழே வந்து, கடைசிச் சுற்றில் நிற்கிறது. சுற்றில் ஒன்று பிசகினால் நிறுத்த வேறொன்றும் இல்லை. நடுவழியில் திருத்திக்கொள்ள நேரமும் இல்லை. வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதில் நுனிக்கொம்பு ஏறியவனைப் பற்றியும் எச்சரித்திருப்பது நாம் வகுப்பில் படித்ததுதானே.

வளையத்தின் கதை வேறு. முதல் நாளே அதில் ஏறி அமர்ந்து, பிறைநிலாவில் சாய்ந்தாற்போல் படம் பிடித்துக்கொள்ளலாம். (முழங்கால் மடிப்பில் நீலம் பாரித்திருப்பது படத்தில் தெரியாது.) துணியிலோ பல வாரங்களுக்கு அழகாக ஒன்றும் வராது. ஆகவே வளையமே பொறுமைக்குப் பெரிய சோதனை என்போம். அமர்ந்தவள் முழங்காலால் தொங்கத் துடிப்பாள். முழங்காலால் தொங்கியவள் குதிகாலால் தொங்கத் துடிப்பாள். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் இடையே ஒரு முழந்தான் தூரம். பயிற்சியிலோ அது ஆண்டுக்கணக்கு.

ஏன் இத்தனை தாமதம்? தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் வலுப்பெற மாதங்கள் ஆகும். "என்னால் முடிகிறதே" என்று தசை சொல்லும்போது, நாண் இன்னும் ஆயத்தமாகியிருக்காது. போதாததற்கு, நம் வயதில் மூட்டருகே எலும்பு வளரும் பகுதி மென்மையாகவே இருக்கும். திடீரென உயரமும் கூடும். சென்ற ஆண்டு கைவந்த சமநிலை இவ்வாண்டு கைவிடும். அப்போது ஒரு படி கீழே இறங்கிப் பழகச் சொல்லும் ஆசிரியையை, பிள்ளையை வீணாக்குகிறார் என்று குறைகூறும் பெற்றோர் உண்டு. கட்டணம் கட்டியாயிற்று, விழாவும் நெருங்குகிறது என்பதே அவர்கள் கவலை. அன்புப் பெற்றோரே, விழா ஒரு மாலைப் பொழுது. தோள் மூட்டு ஆயுட்காலத்துக்கு உரியது அன்றோ?

அவசரத்தின் மறுமுகம் கட்டாயம். நம் நாட்டுச் சர்க்கஸ் கூடாரங்களில் சிறுமியரை அச்சுறுத்தி வித்தை கற்பித்த கொடுமை நீதிமன்றம்வரை சென்றது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய அறிவிக்கை வெளியிட வேண்டுமென மைய அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் உத்தரவிட்டது. அச்சிறுமியருக்கு "இன்று முடியாது" என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை. அவ்வுரிமை நமக்கு இருக்கிறது. ஓர் அடுக்கில் இன்னும் ஒரு மாதம் நிற்கிறேன் என்று சொல்பவளைக் கோழை என்று கேலி செய்து, அதை நாமே பறித்துவிடலாகாது.

உயர்ந்த படியை எட்டியவர்க்கும் ஆபத்து நீங்குவதில்லை. லில்லியன் லைட்செல் என்ற அம்மையார் தம் காலத்துச் சர்க்கஸ் உலகின் அரசி. ஒற்றைக் கையால் தொங்கியபடி உடலை நூறு தடவைக்குமேல் சுழற்றிக் காட்டியவர். 1931 பிப்ரவரியில் கோபன்ஹேகன் நகரில் அவர் வித்தை செய்துகொண்டிருந்தபோது, வளையத்தைத் தாங்கிய சுழல் உலோகத் துண்டு ஒடிந்தது. கீழே விழுந்தவர் இரண்டு நாளில் இறந்தார். கைப்பிடி தவறவில்லை, உலோகம் தவறியது.

இதைக் கூறக் காரணமுண்டு. காணொலியைப் பார்த்து அம்மாவின் பழைய சேலையை ஊஞ்சல் கொக்கியில் கட்டிப் பார்க்கலாமே என்ற பேச்சு தோழியரிடையே எழுவதுண்டு. தூளி கட்டிய கொக்கிதானே, நம்மைத் தாங்காதா என்பார்கள். தூளியில் குழந்தை உறங்குகிறது, உயரத்திலிருந்து விழுவதில்லை. விழுந்து சடக்கென நிற்கும் உடல், தன் எடையைப் போல் பலமடங்கு பாரத்தைக் கொக்கிமேல் ஏற்றும். சேலை கழுத்தில் சுற்றிக்கொண்டால் கூப்பிடக் குரலும் வராது. தங்கை தம்பியர் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

முறையான கூடத்தில் சேர்க்க முன்வரும் பெற்றோர், வாசலில் ஒட்டியுள்ள வண்ணப்படங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், கொக்கியையும் சுழலியையும் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அடியில் தடித்த மெத்தை உண்டா, அடுத்த நிலைக்கு மாற்றுவதை யார் எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார் என்று கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கு, "மூன்று மாதம் முடிந்ததும் தானாக மாற்றிவிடுவோம்" என்பது விடையானால், கட்டணத்தைக் கட்டாமல் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம்.