டேங்க் மேல் ஒரு நம்பர்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பேரன் போன் செய்தான். "தாத்தா, உங்க டெபாசிட் எப்ப முடியுது?" என்று ஆரம்பித்தான். என் முழங்கால் வலியை விசாரிக்காமல் டெபாசிட்டை விசாரிக்கும்போதே விஷயம் பெரியது என்று தெரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். கடையில் வரிசையாக நிற்கும் வண்டி அல்ல. கம்பெனியே அலங்கரித்து, எண்ணி விற்கும் ஸ்பெஷல் எடிஷன்.

அவன் மாதிரிக்குக் காட்டியது ராயல் என்ஃபீல்டின் ஷாட்கன் 650. 2025 பிப்ரவரியில் ஐகான் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 100 வண்டிகள் மட்டும் செய்தார்கள். அதில் இந்தியாவுக்கு 25. ஷோரூம் விலை 4.25 லட்சம். சாதாரண ஷாட்கன்னைவிட அரை லட்சத்துக்கு மேல் அதிகம். அந்த அரை லட்சத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். மூன்று வர்ண பெயிண்ட், தங்க நிறத்தில் சக்கரம், நீல ஸ்பிரிங், சிவப்பு சீட், கூடவே ஒரு ஜாக்கெட்.

"எஞ்சின்?"

"எஞ்சின் அதேதான் தாத்தா."

"பிரேக்?"

"அதுவும் அதேதான். நீங்க ஏன் தாத்தா ஆடிட் பண்றீங்க?"

அந்த 25 வண்டியும் அப்போதே போய்விட்டன. அடுத்த எடிஷன் வரும்போது பணம் கையில் தயாராக இருக்க வேண்டும் என்பது அவன் திட்டம். எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் என் பச்சை புல்லட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான் 1974-ல் வெலிங்டனுக்கு வந்தேன், ராணுவத்தைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் சிவிலியன் கிளார்க்காக. அங்கே டெஸ்பாட்ச் ரைடர்கள் வைத்திருந்ததெல்லாம் ஆலிவ் பச்சை புல்லட்கள். டேங்க் மேல் வெள்ளை பெயிண்டில் ஒரு நம்பர், அதன் முன்னால் மேல்நோக்கிய அம்புக்குறி. மழையோ மூடுபனியோ, காலை ஒன்பதரைக்கு அந்தச் சத்தம் கேட்டால் தபால் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நம்பர் யாருக்கும் பெருமை இல்லை. வண்டி சர்க்காருடையது, ஒரு போல்ட் காணாமல் போனாலும் யாராவது கையெழுத்துப் போட்டு பதில் சொல்ல வேண்டும் என்பதற்கான அடையாளம். அந்தப் பேரேடுகளில் பாதி என் கையெழுத்தில் எழுதியவை.

1991-ல் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது ஒன்றை நான் எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அப்படியே ஓட்ட முடியாது. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரிய நிறம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி. பச்சை போனால்தான் பதிவு. குன்னூரில் கடைகளுக்கு போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவரிடம் கொடுத்தேன். உப்புத்தாள் போட்டு நாலு நாள் தேய்த்தார். அந்த நம்பர்தான் கடைசிவரை போகவில்லை. பெயிண்டின் மேடு விரலில் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கருஞ்சிவப்பு அடித்து, மஞ்சளில் ஒரு மெல்லிய கோடு இழுத்தார். கோடு இடப்பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும். போர்டு எழுதியே பழகிய கை.

இப்போது 2018-க்கு வருவோம். அந்த வருடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500-ல் 'பெகாசஸ்' என்று ஓர் எடிஷன் கொண்டுவந்தது. உலகத்துக்கு 1000, இந்தியாவுக்கு 250. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினரோடு விமானத்திலிருந்து இறக்கிய 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற 125 சி.சி. குட்டி வண்டியின் நினைவாகச் செய்தது. பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெகாசஸ் என்ற சிறகுள்ள குதிரை பிரிட்டிஷ் வான்படையினரின் சின்னம். நார்மண்டியில் 1944 ஜூன் 6 விடியுமுன் அவர்கள் பிடித்த பாலத்துக்கே பெகாசஸ் பாலம் என்று பெயர் வந்தது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இதைச் சொல்லும்போது வகுப்பே மூச்சு விடாது. அதனால் அந்த வண்டியின் படத்தைப் பேப்பரில் பார்த்ததும் எனக்கும் மனசு கொஞ்சம் ஆடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் படத்தை உற்றுப் பார்த்தேன். டேங்க் மேல் ஒரு நம்பர்! நான் கூலி கொடுத்து அழித்த அதே சமாச்சாரம். ராணுவப் பை, பக்கிள் வைத்த தோல் வார் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சம். பச்சை நிறத்தில் உள்ளது வெளிநாட்டுக்கு மட்டும், இங்கே பழுப்பு. காரணம், நம்முடைய அதே 121-வது விதி. 250 வண்டியும் 178 நொடியில் விற்றுப் போயின. கொஞ்ச நாளில் அதே கம்பெனி, ராணுவச் சாயலில், டேங்க் நம்பரோடு, ஏ.பி.எஸ். பிரேக்கும் சேர்த்து, கிளாசிக் 350-ல் 'சிக்னல்ஸ்' என்று ஓர் எடிஷனைக் குறைந்த விலைக்கு விட்டது. பெகாசஸில் ஏ.பி.எஸ். இல்லை. வாங்கியவர்களில் சிலர் கோபத்தில் வண்டியைக் குப்பை லாரியில் ஏற்றியதாகப் பத்திரிகையில் வந்தது. எனக்கு அவர்கள் மேல் பரிதாபம்தான். கம்பெனி பொய் சொல்லவில்லை. 250 என்றது, 250-தான் விற்றது. அடுத்தது வராது என்று மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. பிரான்சில் சித்ரோயன் கம்பெனி 1980-ல் தன் 2சிவி காரை இரட்டை நிறத்தில் 'சார்ல்ஸ்டன்' என்று 8000 மட்டும் செய்தது. நன்றாக விற்கவே, அடுத்த வருடமே அதை நிரந்தரமாகப் போட ஆரம்பித்துவிட்டது.

எடிஷனே கூடாது என்று சொல்லும் கிழவன் இல்லை நான். ஆளாளுக்கு வண்டியை வெட்டி ஒட்டுவதைவிட கம்பெனி செய்வது மேல். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதையே உறுதி செய்தது. நிறம் மாற்றுவதை அது தடுக்கவில்லை. சனி ஞாயிறுகளில் கீழிருந்து ஏறிவரும் பிள்ளைகளின் மாற்றிய சைலன்சர் சத்தத்தை குன்னூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், சட்டம் ஏன் என்று சொல்வார்கள்.

ஆனால் மலையில் வண்டி நம்முடையதாக ஆவது வேறு மாதிரி. பனிக்காக ஹெட்லைட்டில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டுவோம். (பிரான்சில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் விளக்குதான் சட்டம்.) குளிருக்கு ஹேண்டில் கைப்பிடியில் பழைய ஸ்வெட்டர் கையைத் தைத்து மாட்டுவோம். எஸ்டேட் பக்கம் பின்சீட்டில் சாக்கு கட்டுவதற்கு ஒரு கம்பி. கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவிலும் மழைநாளில், ஈரமான யூகலிப்டஸ் இலை மேல் சக்கரம் போகும்போது, டேங்க் நம்பர் நூறில் ஒன்றா ஆயிரத்தில் ஒன்றா என்று ரோடு கேட்காது. பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும்.

ஆகவே அவனுக்கு நான் சொன்ன பதில் இது. சாதாரண வண்டியை வாங்கு, நான் தருகிறேன். மிச்சத்தில் நல்ல ஹெல்மெட், மழைக்கு ஏற்ற டயர், ஒரு கெட்டியான ரெயின்கோட். நிறம் பிடிக்கவில்லை என்றால் இங்கே கொண்டு வா, ஆர்.சி.யில் எழுதிக்கொண்டே மாற்றலாம். அந்த போர்டு பெயிண்டரின் மகன் இன்னும் பிரஷ் பிடிக்கிறான். சீட்டுக்குக் கீழே டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் அப்பா தேய்க்காமல் விட்ட பச்சையை அவன்தான் போன வருடம் எனக்குக் காட்டினான், ஒரு ரூபாய் அகலத்துக்கு.

"யோசிக்கிறேன் தாத்தா" என்று போனை வைத்தவன் இன்னும் கூப்பிடவில்லை. டெபாசிட் அடுத்த மாதம் 15-ஆம் தேதி முடிகிறது.