நிறுத்தும் நாளையும் எழுதுவோம்

அருப்புக்கோட்டை நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருபவரும், மழை பொய்த்த திருச்சுழிக் கரிசலில் கடனை எண்ணிப் புரளும் சம்சாரியும் நம்மிடம் சொல்வது ஒன்றுதான்: "தூக்கமே வரல டாக்டர்." முன்னவருக்குப் பொழுது மாறிப்போனது, பின்னவருக்கு மனசு ஆறவில்லை. இருவருக்கும் ஒரே அல்பிரசோலத்தை எழுதிவிடலாம். எழுதுமுன் அது என்ன செய்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அல்பிரசோலம், குளோனசிபம், சோல்பிடம் மூன்றும் மூளையின் காபா-ஏ ஏற்பிகளில் அமர்ந்து, காபாவின் அடக்கும் வேலையைக் கூட்டுகின்றன. தூக்கம் வரும், அதைக் கெடுத்த காரணம் அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் தினமும் கொடுத்தால் ஏற்பிகள் பழகிப்போகும். மாத்திரையை விட்ட இரவில் முன்னைவிட மோசமாக விழிப்பு வரும். அதைப் பழைய நோய் என்று நோயாளி நம்புகிறார். நாமும் நம்பி, சீட்டைப் புதுப்பிக்கிறோம். பழக்கம் வேரூன்றுவது இங்கேதான்.

ஆகவே, தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் அதே சீட்டில் எழுத வேண்டும். அது இரண்டு, மிஞ்சினால் நான்கு வாரத்தைத் தாண்டக்கூடாது. குளோனசிபத்தின் அரை ஆயுள் 30 முதல் 40 மணி நேரம். நேற்றிரவு விழுங்கியதில் பாதிக்கு மேல் இன்றிரவும் உடம்பில் இருக்கும். விடியலுக்கு முன் சிறுநீர் கழிக்க எழும் மூதாட்டி தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அது போதும். மதுவோடோ ஓபியாய்டு வலி மருந்தோடோ சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

"பத்து வருடமாகச் சாப்பிடுகிறார், நன்றாகத்தானே இருக்கிறார்" என்பார்கள். அவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது உண்மை. அதனால் நிறுத்தவே கூடாது என்று ஆகாது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைத்து, தாங்குகிறாரா என்று பார்த்துக் குறைக்க வேண்டும். கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் ஆலோசனைக்கு நேரம் ஏது என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையல்ல, நடத்தை சார்ந்த சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்தது. அதன் அடிப்படையான சில விதிகளை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, மாலைக்குப்பின் டீயை விடுவது. ஷிப்ட் தொழிலாளிக்குப் பகலில் இருட்டறையே முதல் மருந்து. கடனில் தவிப்பவருக்குத் தேவை மனநல உதவி. டெலிமானஸ் எண் 14416 அவர் கையில் இருக்கட்டும்.

மருந்தாளுநர்களுக்கும் இதில் பங்குண்டு. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறுகின்றன. ஒரே பெயர் மூன்றாம் மாதமும் வந்தால், கொடுப்பதற்கு முன் எழுதியவரை அழைத்துக் கேளுங்கள். நிறுத்தும் நாள் சீட்டில் இருந்தால் அந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.