மாலை கழற்றிய பிறகும் கூட நில்லுங்கள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் வாழும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,

நாங்கள் இதே ஏரியாக்காரர்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறோம், ஹார்பரில் வேலை பார்க்கிறோம், மீன் விற்கிறோம். எங்களில் சிலர் குடியை விட்டவர்கள், மற்றவர்கள் அவர்களுக்குத் துணை நின்றவர்கள்.

கார்த்திகை பிறந்ததும் நம் தெருவில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வருடம் முழுக்கக் குடித்தவன் ஐயப்பனுக்கு மாலை போடுகிறான். அன்று முதல் பெற்ற தாயே அவனைச் 'சாமி' என்கிறாள். கூட்டாளிகள் அவன் எதிரில் பாட்டிலைத் திறப்பதில்லை. பஜனைக்கு அவனைத் தேடி ஆள் வருகிறது. அன்னதானத்தில் சாம்பார் கரண்டி அவன் கையில்தான். நாற்பத்தெட்டு நாள் தாண்டிவிடுகிறான். மாலையைக் கழற்றிய சாயங்காலமே 'வா மச்சான், இனிமே என்ன?' என்று ஒருவன் கூப்பிடுகிறான். அதோடு போச்சு. தவக்காலம் முழுக்க விட்டுவிட்டு ஈஸ்டர் முடிந்ததும் தொடங்கியவர்களும் எங்களில் உண்டு. அந்த விரதத்தைக் காத்தது பக்தி மட்டுமா? தெருவே சேர்ந்தல்லவா காத்தது! சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவனுக்கும் அந்தக் காவலைக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கத்தோடு முடியாமல் போகலாம். வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். சத்தியம் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதன்மேல் அவர் குடித்தால் ஆபத்து.

எங்கள் நண்பன் ஒருவன் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதம் தாக்குப்பிடித்து, மறுபடி விழுந்தான். நாங்களே அவனைத் திட்டி ஒதுக்கினோம். அது எங்கள் தவறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் சூழ்ந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது. அவனைக் கூப்பிட்டோம். நாலு நாளும் வந்தான். 'ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னை நம்பி ஒருத்தர் காத்திருந்தாங்கடா' என்றான். அந்த வாரமே மறுபடி சிகிச்சைக்குப் போனான். இன்று, புதிதாக விடுகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவன் அவன்தான்.

பிறருக்கு உதவப் போய்த் தானும் மீள்வது புதிதல்ல. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டிருந்த பில் வில்சன் தொழிலில் தோற்று நின்றபோது அவருக்குக் குடிக்கும் ஆசை மீண்டும் வந்தது. அவர் தேடிப் போனது இன்னொரு குடிநோயாளியை. டாக்டர் பாப் ஸ்மித்தை. அவருக்கு உதவப் போய்த் தானும் தப்பினார். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அங்கேதான் பிறந்தது. நம் சென்னையிலும், 1979-இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் மறு வருடமே பிறர் குடும்பங்களுக்காகச் சிகிச்சை மையம் தொடங்கினார்.

ஆகவே, கல்யாணத்திலும் சாவிலும் குடியை விட்டவனை ஓரங்கட்டாதீர்கள். பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கன்டெய்னர் யார்டு முதலாளிகளே, பழைய கதையைச் சொல்லி வேலையை மறுக்காதீர்கள். மறுபடி குடித்துவிட்டான் என்றால் கதவைச் சாத்தாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இந்த நோயில் அது நடக்கும்.

வருகிற சம்பள நாளன்று உங்கள் நண்பன் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்துக்குக் கேட் அருகே போய் நில்லுங்கள். டாஸ்மாக் இல்லாத தெரு வழியாகப் பேசிக்கொண்டே வீடுவரை நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
குடியை விட்ட, விடத் துணை நிற்கும் தண்டையார்பேட்டை நண்பர்கள்