நேத்து ராத்திரி 3 மணியைக் காட்டு, அப்புறம் பேசு!

மக்களே, வழக்கமா நான் மொக்கை போடுற ஆளு. இன்னைக்கு மொக்கை இல்லை. வயித்தெரிச்சல். கொஞ்சம் நீளமாவும் போகும், பொறுத்துக்குங்க.

பெரம்பலூர் பக்கத்துல அப்பா வீடு. வீட்டுக்குப் பின்னாடியே ஒன்றரை ஏக்கர்ல சின்ன வெங்காயம். நான் பொழைக்கிறது அரியலூர்ல. நடுவுல 30 கிலோமீட்டர் இருக்கும். வயசான மனுஷன் தனியா இருக்காரேன்னு அவர் வீட்டைச் சுத்தி 4 கேமரா மாட்டினேன். ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, கேமராவோட ஓசியில வந்த மென்பொருளைப் போட்டு, "ரெக்கார்டிங் ஆன்"னு பச்சை விளக்கு எரியறதைப் பார்த்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் தினமும் அரியலூர்ல உக்காந்து செல்போன்ல அப்பா வீட்டு வாசலைப் பார்ப்பேன். பூனை போகும், பால்காரர் வருவார், எல்லாம் தெளிவாத் தெரியும். "தொழில்நுட்பம்னா இதுதான்யா"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்குவேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில அப்பா போன் பண்ணார். பட்டறையில போட்டு வச்சிருந்த விதை வெங்காயத்துல 4 மூட்டை காணோம். வெங்காயம் போடறவங்களுக்குத் தெரியும், விதை வெங்காயம்ங்கறது வெறும் வெங்காயம் இல்லை, அடுத்த போகம்.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள வீட்டுல பஞ்சாயத்தே கூடிடுச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினாங்க. எங்க வயல்ல பல வருஷமா வேலை செய்யற ஒருத்தர். முதல் நாள் சாயந்திரம் பட்டறைப் பக்கம் நின்னாராம். அவ்வளவுதான் ஆதாரம். "ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா போதும், கக்க வச்சிருவாங்க"ன்னு ஒரு சித்தப்பா.

அந்த மனுஷன் யாரும் கூப்பிடாமலே வந்து வாசல்ல நின்னார். என்னைப் பார்த்து ஒண்ணுதான் சொன்னார். "தம்பி, கேமரா இருக்குல்ல? போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். கடைசிப் பதிவு 11 நாளைக்கு முந்தினது.

அவர் முகத்தை நான் பார்க்கலை. பார்க்கத் தைரியம் இல்லை. எங்களை விட அந்தக் கேமராவை அவர் நம்பி வந்திருந்தார். அதுவும் கைவிட்டுடுச்சு. நல்லவேளையா அப்பா பிடிவாதமா நின்னு, ஸ்டேஷன் பேச்சே வேண்டாம்னுட்டார். வெங்காயத்தை எடுத்தது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவர் இப்ப வேற ஒருத்தர் வயல்ல வேலை செய்யறார். வழியில பார்த்தா அப்பாவைக் கும்பிடுவார். எங்க கேட்டுக்குள்ள மட்டும் கால் வைக்கிறதில்லை.

சரி, என்னதான் ஆச்சு? ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கு. யு.பி.எஸ். பேட்டரி செத்துப் போயிருக்கு. கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையா மறுபடி எந்திரிச்சு, "பாஸ்வேர்டு குடு"ன்னு கேட்டுக்கிட்டு 11 நாளா நின்னிருக்கு. யாராவது உள்ளே நுழைஞ்சாத்தான் அந்த மென்பொருள் ஓடவே ஆரம்பிக்கும். பாஸ்வேர்டு யார் போடுவா, பூனையா?

அப்ப நான் தினமும் செல்போன்ல பார்த்தது? அது கேமராவுல இருந்து நேரா வர்ற காட்சி. கம்ப்யூட்டர் பக்கமே போறதில்லை. நேரலை தெரியறதும் பதிவு ஆகறதும் வேற வேற. இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவோட சாரம். மீதி எல்லாம் புலம்பல்.

பயந்து போய் அரியலூர்ல என் வீட்டுக் கேமராவையும் நோண்டினேன். அங்க வேற கூத்து. எங்க தெருமுனையில ராத்திரி முழுக்க சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் போகும். "அசைவு இருந்தா மட்டும் பதிவு செய்"னு வச்சிருந்தேன். அந்த மென்பொருளுக்கு அசைவுன்னா படத்துல புள்ளிகளோட வெளிச்சம் மாறணும், அவ்வளவுதான். ஹெட்லைட் அடிச்சா அசைவு. புழுதி பறந்தா அசைவு. கேமராவுல சிலந்தி வலை ஆடினா அசைவு. இப்படியே வட்டு ரொம்பி, ரொம்பினதும் பழசை அழிக்காம, யார்கிட்டயும் சொல்லாம நின்னு போச்சு. கேமராவோட இணைப்பும் அப்பப்ப விட்டுப் போகும், தானா வரும். சேர்றதும் பிரியறதும் எங்களுக்குப் புதுசில்லைன்னு வைங்க. 2001ல பெரம்பலூர்ல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமாகி, 2002ல திரும்பச் சேர்ந்து, 2007ல மறுபடி பிரிஞ்ச ஊர் எங்க அரியலூர் :) ஆனா மாவட்டம் பிரிஞ்சா அரசாணை வரும். பதிவு நின்னா ஒரு குறுஞ்செய்தி கூட வரலையே!

இதுக்கு ஏன் இவ்வளவு ஆவேசம், போனது 4 மூட்டை வெங்காயம்தானேன்னு கேக்கறீங்களா?

2020 ஜூன் 19. சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ்னு அப்பாவும் மகனும் காவல் நிலையத்துக்குப் போறாங்க. ஜூன் 22, 23 தேதிகள்ல அடுத்தடுத்து இறக்கறாங்க. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பி விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் என்ன கண்டார்? ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு. வட்டுல 1 டெராபைட் இடமும் இருந்துச்சு. ஆனா பதிவு தினமும் தானா அழியற மாதிரி வச்சிருந்தாங்க. அந்த ராத்திரியோட காட்சி இல்லை. கேமரா சொல்லாததை அங்க வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் வாய் திறந்து சொன்னார்.

இடம் இருக்கு, கேமரா இருக்கு, பதிவு இல்லை. ஒரே ஒரு செட்டிங். மென்பொருள்னா ஏதோ பொட்டி தட்டறவங்க சமாச்சாரம்னு நினைக்கறவங்க இந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க.

அதே வருஷம் டிசம்பர் 2ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்குல உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையத்துலயும் கேமரா வேணும், பதிவை 18 மாசம் வச்சிருக்கணும், முடியாத இடத்துல ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லிச்சு. 2025 செப்டம்பர்ல, ஸ்டேஷன்கள்ல கேமரா வேலை செய்யலைங்கற செய்தியைப் பார்த்து அதே நீதிமன்றம் தானா முன்வந்து மறுபடி வழக்கு எடுத்துச்சு. உத்தரவு போட்டு வருஷக்கணக்கு ஆச்சு, இன்னும் "கேமரா ஓடுதா"ங்கற கேள்வியிலேயே நிக்கறோம்.

"கக்க வச்சிருவாங்க"ன்னு சொன்ன எங்க சித்தப்பாவுக்கும் ஒண்ணு. 2025 ஜூன், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். கார்ல இருந்த நகையைக் காணோம்னு ஒரு புகார். விசாரணைங்கற பேர்ல அடிச்சதுல உயிரே போச்சு. அது வெளிய வந்ததுல பெரிய பங்கு, ஒருத்தர் மறைஞ்சிருந்து செல்போன்ல எடுத்த சில விநாடிக் காட்சிக்கு. நம்ம ஊர்ல திருட்டுப் புகார்ங்கறது திருடனை மட்டும் தொடற விஷயம் இல்லை. இருக்கறதுலயே எளிய ஆள் மேலதான் முதல்ல விழும். அந்த ஆளுக்குச் சாட்சி சொல்ல வேண்டியதும் கேமராதான். திருடனைப் பிடிக்க மட்டும்தான் கேமராங்கறது பாதி உண்மை.

இனி வழக்கமா வர்ற எதிர்க்கேள்விகள்.

"ஒழுங்கா ஒரு டி.வி.ஆர். பொட்டி வாங்கி வைக்க வேண்டியதுதானே?" வைங்க, தப்பில்லை. ஆனா அதுக்குள்ளயும் ஒரு வட்டுதான் சுத்துது. அது 24 மணி நேரமும் எழுதிக்கிட்டே இருக்கணும். அதுக்குன்னே தனி வகை வட்டு இருக்கு. மாட்ட வர்றவர் பழைய கம்ப்யூட்டர் வட்டைச் சொருகிட்டுப் போனா சீக்கிரமே மூச்சு நிக்கும். வட்டு செத்தா பொட்டி "கீ கீ"ன்னு கத்தும்தான். அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு அதை அணைச்சு வச்ச வீடுகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கேன்.

"எல்லாத்தையும் க்ளவுட்ல போட்டுட்டா?" ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட்னு வைங்க. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86.4 ஜிபி. மாசத்துக்கு இரண்டரை டெராபைட்டுக்கு மேல. நம்ம வீட்டு இணைப்புல அதை மேல ஏத்திப் பாருங்க, தெரியும் சேதி. அதனாலதான் க்ளவுட்காரங்க பல பேர் துண்டு துண்டா "அசைவு" காட்சி மட்டும் எடுக்கறாங்க. லாரி ஹெட்லைட் கதை மறுபடி ஆரம்பம். சந்தா கட்ட மறந்தா அதுவும் போச்சு.

"அரசாங்கம்தான் கேமராவுக்குச் சோதனை கட்டாயம்னு கொண்டு வந்துருச்சே?" ஆமா, 2025 ஏப்ரல் 9ல இருந்து. நல்லதுதான். 2016ல மிராய்னு ஒரு நச்சு நிரல், பாஸ்வேர்டு மாத்தாத கேமராவையும் டி.வி.ஆரையும் லட்சக்கணக்குல பிடிச்சு இணையத்தையே ஆட்டிச்சு. ஆனா அந்தச் சோதனை கேக்கறது அடுத்தவன் உள்ளே நுழைய முடியுமான்னு. உங்க வீட்டுப் பதிவு நேத்து நடந்துச்சான்னு அது கேக்காது. அதை நீங்கதான் கேக்கணும்.

சரி, நான் என்ன செஞ்சேன்? ரெண்டு வீட்டுலயும் அந்த ஓசி மென்பொருளைத் தூக்கிக் கடாசினேன். ஆபீஸ்ல கழிச்சுப் போடற குட்டிக் கம்ப்யூட்டரைச் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, லினக்ஸ் போட்டு, ஃப்ரிகேட்ங்கற திறமூல மென்பொருளை ஏத்தினேன். (ஸோன்மைண்டர்னு 2002ல இருந்து வர்ற இன்னொண்ணும் இருக்கு, அதுவும் நல்லதுதான்.) பிடிச்ச காரணம் மூணு. ஒண்ணு, யாரும் பாஸ்வேர்டு போடாமலே மிஷின் எந்திரிச்சதும் தானா ஓடும். ரெண்டு, வட்டுல ஒரு மணி நேரத்துக்கும் குறைவா இடம் இருந்தா, பழைய ரெண்டு மணி நேரத்தை அழிச்சுட்டு மேல எழுதும், நின்னு போகாது. மூணு, நாள் முழுக்கப் பதிவு செய். மனுஷன், வண்டி வந்தா குறிச்சு மட்டும் வைன்னு சொல்லலாம். அசைவை நம்பிப் பதிவு செய்யற பொழப்பு வேண்டாம். 4 கேமராவுக்கு 1 டெராபைட்ல 11 நாள் நிக்குது. ஆமாங்க, அதே 11. கணக்கு போட்டப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

அதோட, கரண்ட் வந்ததும் தானா எந்திரிக்க கம்ப்யூட்டரோட பயாஸ்ல ஒரு செட்டிங். கேமராவுக்கும் இணைய மோடத்துக்கும் சேர்த்து யு.பி.எஸ். கடிகாரம் இணையத்துல இருந்து தானா நேரம் பிடிக்கற மாதிரி ஒரு ஏற்பாடு. நேரம் தப்பா இருந்தா காட்சியோட நம்பகத்தன்மை அடிபடும். 2024 ஜூலை 1ல வந்த புது சாட்சியச் சட்டத்துல, 63ம் பிரிவுப்படி டிஜிட்டல் ஆதாரத்தோட சான்றிதழ் குடுக்கணும். பெரம்பலூர்ல பதிவு நின்னா அரியலூர்ல என் செல்போன் கத்தும். அந்தக் கத்தலை நான் அணைக்க மாட்டேன், தூக்கம் கெட்டாலும்.

இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு ஓடாதீங்க. எந்த மென்பொருள் வேணா வைங்க, எந்தப் பொட்டி வேணா வைங்க. கேமரா மாட்ட வர்றவர் செல்போன்ல வாசலைக் காட்டி "பாருங்க சார், எவ்ளோ க்ளியர்"னு சொல்வார். மயங்காதீங்க. மாட்டின மறுநாள் அவரை வரச் சொல்லுங்க. "நேத்து ராத்திரி 3 மணியைக் காட்டுங்க"ன்னு கேளுங்க. நாலு கேமராவுலயும். காட்டினா மீதிக் காசைக் குடுங்க. ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைச்சுப் போட்டுட்டு, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அதே கேள்வி. அப்புறம் மாசம் ஒண்ணாந்தேதி ஆனா வாடகை, பால் கணக்கு பார்க்கற மாதிரி நீங்களே ஒரு தடவை. அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அவர் இப்ப தினமும் காலையில காபியோட 3 மணியைப் பார்த்துட்டுத்தான் பேப்பரே பிரிக்கிறார்.

பதிவர் மக்களே, ராத்திரி கண்ணு முழிச்சு ஒரு பதிவைத் தட்டி, சேமிக்கறதுக்குள்ள கரண்ட் போன வலி நம்ம எல்லாருக்கும் தெரியும். நமக்குப் போனா திருப்பித் தட்டிக்கலாம். வாசல்ல நின்னு "போட்டுப் பாருங்க தம்பி"ன்னு கேட்டவருக்கு அந்த ராத்திரியைத் திருப்பித் தட்டிக் குடுக்க என்னால முடியலை.

டிஸ்கி: இதைப் படிச்சு முடிச்சதும் "அருமை"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. எந்திரிச்சுப் போய் உங்க வீட்டு 3 மணியைப் பாருங்க. இருந்துச்சா இல்லையான்னு மட்டும் வந்து சொல்லுங்க.