இல்லத்துக் கைவேலை: மண்ணெடுத்து வர்ணம் செய்தல்

அரக்கோணம் இரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதி, அதனுடன் ஒரு படத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகன் தீட்டிய சரக்கு இரயில் அது. பெட்டிகள் பளீரென்ற செம்மஞ்சள். வானம் மயில் கழுத்தின் நீலம். கடையில் வாங்கிய வர்ணப் பெட்டி தீர்ந்து போகவே, "நானே செய்துகொள்கிறேன்" என்று பையன் கிளம்பியிருக்கிறான். எங்கோ கிடைத்த செந்தூரப் பொடியையும், செடிகளுக்குத் தெளிப்பதற்காக வாங்கி வைத்திருந்த மயில்துத்தத்தையும் கோந்தில் குழைத்து இப்படத்தைத் தீட்டியிருக்கிறான். இம்முறை சரிதானா, வேறு எந்தப் பொடிகளைச் சேர்க்கலாம் என்று தாய் கேட்கிறார். கடிதத்தின் இறுதியில், போகிற போக்கில் ஒரு வரி: தூரிகையின் முனையைக் கூராக்க அவன் அடிக்கடி அதை வாயில் வைத்துக்கொள்கிறானாம்.

அந்த வரியைப் படித்ததும், இம்மாதத்திற்கென எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு இதற்கு விடையெழுதத் தொடங்கினேன்.

சகோதரி, மகனுடைய கெட்டிக்காரத்தனத்தை நானும் மெச்சுகிறேன். ஆயினும் அவ்விரு வர்ணங்களையும் இன்றே அவன் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். மயில்துத்தம் செம்பின் உப்பு. சிறிதளவு வயிற்றுள் சென்றாலே குமட்டலும் வாந்தியும் உண்டாகும். செந்தூரமோ அதைவிடப் பொல்லாதது, ஏனெனில் அது உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அப்பெயரில் விற்கப்படும் சிவப்புப் பொடி ஈயத்தைச் சுட்டெடுத்ததாக இருக்கலாம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமாகவும் இருக்கலாம். (நாட்டு வைத்தியர் தரும் அயச்செந்தூரம் வேறு, அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஈயம் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்து, வளரும் பிள்ளைகளின் மூளையைத் தாக்குகிறது. வீட்டுச் சுவருக்குப் பூசும் பெயின்டிலேயே பத்து இலட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று நம் நாட்டில் 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தினார்கள். சுவருக்கே அப்படியென்றால், பிள்ளையின் நாவிற்கு? எத்தனை நாட்கள் அவன் இவ்வாறு தீட்டினான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

இவ்வரிசையில் இன்னும் சில உண்டு. அரிதாரம் என்னும் அழகிய மஞ்சள், பாஷாணமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நாடகக்காரர்கள் "அரிதாரம் பூசுதல்" என்று இன்றும் சொல்வது அதன் பெயரால்தான். பழைய ஓவியர்கள் இவற்றையெல்லாம் கையாண்டார்கள் என்று யாரேனும் சொன்னால், ஆம், கையாண்டார்கள். நாம் கையாள வேண்டியதில்லை.

அப்படியானால் பையன் வர்ணம் செய்வதையே நிறுத்திவிட வேண்டுமா? வேண்டாம். அவன் எடுத்த பொடிதான் தவறு; எடுத்த காரியம் தவறன்று.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக் கோயிலின் ஓவியங்கள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டு கடந்தும் அத்தாமரைக் குளத்தில் எஞ்சி நிற்கும் நிறங்களில் வெள்ளை சுண்ணாம்பு, கறுப்பு மரக்கரி, சிவப்பு காவிக்கல், மஞ்சள் மஞ்சட்காவி, பச்சை ஒருவகைப் பச்சை மண். நீலம் ஒன்றுதான் விலையுயர்ந்த கல்லின் இனம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்டபோதும், மண் நிறங்களின் உறுதியை உலகம் கண்டது. காவியும் கரியும் வெயிலுக்கு அஞ்சா.

இங்கே என் அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு, செம்பருத்திப் பூ இவற்றைக் கொண்டு வர்ணம் செய்து, ஒரு தோட்டக் காட்சியைத் தீட்டிச் சன்னலுக்கு எதிரே மாட்டினேன். மூன்று மாதங்களில் பீட்ரூட் ரோஜா அழுக்குத் தவிட்டு நிறமாயிற்று. மஞ்சள் சூரியன் காணாமலே போயிற்று. அவையெல்லாம் சாயங்கள், பெரும்பாலும் நீரில் கரைபவை. மண் கரைவதில்லை, பொடியாகவே நின்று காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது.

சாயம் இழிந்தது என்று நான் சொல்லவில்லை. அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா சென்று வண்டி மாறினால் காளத்தி. அங்கே கலம்காரி ஓவியர்கள் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாட்கள் ஊறவைத்து, அந்நீரைக் கடுக்காய்ப் பாலில் தோய்த்த துணியின்மேல் மூங்கில் எழுதுகோலால் இழுக்கிறார்கள். இழுத்த கோடு அக்கணமே கருக்கிறது. அங்கே சாயம் நூலிழையைப் பற்றிக்கொள்கிறது. நம் காகிதத்திற்கு அந்த வித்தை பொருந்தாது. ஆகவே மண்ணுக்கு வருவோம்.

காவிக்கல்லும் மஞ்சட்காவியும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நல்ல செம்மண் கிடைத்தாலும் போதும். ஆனால் இருப்புப் பாதையோரத்து மண், சாக்கடையோரத்து மண், பட்டறைகளை அடுத்த மண் வேண்டாம். எண்ணெயும் உலோகத் தூளும் கலந்திருக்கும். ஒரு கைப்பிடி மண்ணைப் பெரிய கிண்ணத்து நீரில் இட்டு நன்கு கலக்குங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். மணல் அடியில் தங்கும். நுண்ணிய மண் நீரில் மிதந்துகொண்டிருக்கும். அக்கலங்கல் நீரை மட்டும் வேறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பின்னர் இரவு முழுவதும் அசையாமல் வைத்தால், காலையில் மேலே தெளிநீர், கீழே வெண்ணெய் போன்ற சேறு. தெளிவை இறுத்துவிட்டுச் சேற்றைத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை உண்டு. இதைத் தந்தையோ தாயோ உடனிருந்து செய்ய வேண்டும். மஞ்சட்காவியில் சிறிது எடுத்துப் பழைய இரும்புக் கரண்டியில் இட்டு, கரித் தணலின்மேல் நெடுநேரம் காட்டுங்கள். மஞ்சள் மெல்லச் செங்காவியாக மாறும். அம்மண்ணிலுள்ள இரும்போடு பிணைந்திருந்த நீர், சூட்டில் வெளியேறிவிடுகிறது, அதுதான் காரணம். பழுப்பு மண்ணாக உள்ளே போகும் செங்கல் சூளையிலிருந்து சிவந்து வெளிவருவதும் இதே வகையான மாற்றத்தால்தான். ஒரே மண்ணிலிருந்து, சுட்ட நேரத்துக்கேற்ப, மூன்று நான்கு நிறங்களை எடுத்துவிடலாம்.

கறுப்புக்கு விளக்குக் கரி. கண்மைக்குப் பிடிப்பதுபோல், எண்ணெய் விளக்கின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் போதும். கரி நீரில் சேராமல் மிதந்து அடம்பிடிக்கும். முதலில் கெட்டியான பிசின் நீரில் சில துளி விட்டு அழுத்திப் பிசைந்தால் வழிக்கு வரும். நீலத்துக்கு அவுரியிலிருந்து எடுத்த நீலக்கட்டி. திண்டிவனம் பக்கத்தில் அவுரிப் பயிர் இன்றும் உண்டு. (இதுவும் செடியின் சாயந்தானே என்று கேட்பீர்கள். ஆனால் கட்டியாக்கிய நீலம் நீரில் கரையாது. ஆகவே மண்ணைப் போலவே அரைக்கலாம். வெயில் படாத இடத்தில் நெடுநாள் நிற்கும்.) மஞ்சட்காவியோடு சேர்த்தால் ஆழ்ந்த இலைப் பச்சை கிடைக்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலம் வெறும் சாயம், அதை நாடாதீர்கள். வெள்ளை வேண்டுமானால் காகிதத்தையே வெறுமையாக விட்டுவிடுவது நீர்வர்ணக்காரர்களின் வழக்கம்.

இனிப் பிசின். நீர்வர்ணத்தின் உயிர் இதுதான். கருவேலம் பிசினைக் கேட்டு வாங்குங்கள். பாதாம் பிசினைத் தந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். அது கரையாமல் ஊறி நுங்குபோல் உப்பிவிடும். முருங்கைப் பிசினும் அப்படியே. 50 கிராம் கருவேலம் பிசினைப் பொடித்து, 100 மில்லி வெந்நீரில் ஓரிரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதில் இரண்டு தேக்கரண்டி கிளிசரின், இரண்டு மூன்று துளி கிராம்புத் தைலம். கிளிசரின் இல்லையேல் வர்ணம் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். தைலம் இல்லையேல் பூசணம் பிடிக்கும். மேல்நாட்டு நூல்கள் கிளிசரினுக்குப் பதிலாகத் தேன் சேர்க்கலாம் என்கின்றன. நானும் சேர்த்தேன். மறுநாள் காலை என் காவி வர்ணத்தின்மேல் எறும்புகள் ஊர்வலமே நடத்திக்கொண்டிருந்தன.

ஒரு கண்ணாடித் துண்டின்மேலோ, இதற்கென்றே ஒதுக்கிய கருங்கல் பலகையின்மேலோ, ஒரு பங்கு மண் பொடிக்கு ஏறக்குறைய ஒரு பங்கு பிசின் நீர் சேர்த்து, அடி தட்டையான கண்ணாடிக் குவளையால் வட்ட வட்டமாக அரைக்க வேண்டும். சமையலுக்குப் பயன்படும் அம்மி கூடாது. கால் மணி நேரத்திற்குக் குறையாமல் அரையுங்கள். நறநறவென்ற ஓசை அடங்கி, பட்டுப்போல் வழுக்க வேண்டும். பொடியாக இருக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. எந்தத் தூளும் நுரையீரலுக்கு நண்பனல்ல. சிந்தியதை ஈரத் துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம்.

சோடாப் புட்டி மூடிகளிலோ, கடற்சிப்பிகளிலோ மெல்லிய படலமாக ஊற்றி, நிழலில் உலர்ந்தபின் மேலும் ஒரு படலம் ஊற்றுங்கள். காகிதத்தில் தீட்டி உலர்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்துச் செதிலாக உரிந்தால் பிசின் மிகுந்துவிட்டது. மழைக்காலத்தில் உலர்த்த ஒரு வாரம் ஆகும். பையன் பொறுமையிழந்து வெயிலில் வைத்தால் வெடித்துப் போகும், எச்சரித்து வையுங்கள்.

தூரிகையை வாயில் வைக்கும் பழக்கத்தை, இவ்வர்ணங்களோடும் அனுமதிக்காதீர்கள். ஈரப்பஞ்சு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அதில் முனையைச் சுழற்றி இழுக்கச் சொல்லுங்கள். நாவைவிட அழகாகக் கூராகும். பழைய செந்தூரத்தையும் துத்தத்தையும் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள புட்டியில் அடைத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, அபாயகரமான கழிவென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் தனியே ஒப்படையுங்கள்.

படத்தைப் பற்றி ஒன்று. செம்மஞ்சள் நிறத்தில் சரக்குப் பெட்டியை நான் எங்கும் கண்டதில்லை. அரக்கோணம் சந்திப்பில் அவன் நாள்தோறும் பார்க்கும் பெட்டிகளில் பல, துருவின் நிறமான செங்காவி பூசியவை. நம் பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு நிறம் தந்ததும் அதே இரும்புத் துருவின் இனந்தான். அவன் சுட்டெடுக்கப்போகும் மஞ்சட்காவி ஏறக்குறைய அந்நிறத்துக்கே வரும். அதைக் கொண்டு அடுத்த இரயிலைத் தீட்டட்டும். தீட்டியதை நமக்கு அனுப்பி வையுங்கள்.