கீழிறங்க மறுக்கும் கோப்புகள்

“அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிக்குங்கப்பா.” இதைச் சொன்னது நான்தான். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். தொழில்நுட்ப ஆலோசனை என்ற பெயரில் நாம் சொல்வது நம்முடைய சோம்பேறித்தனத்தை என்பதுதான் என் கட்சி.

அப்பா என்.எல்.சி. சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்று, நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகருக்கு வந்தபோது, கூடவே அவருடைய விண்டோஸ் 98 கணினியும் வந்தது. அதிலுள்ள எக்செல் 97-இல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்களில் யாராவது இறந்தால், மற்றவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். யார் கொடுத்தார், யார் பாக்கி, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது. அத்தனை பேரின் கணக்கு எண்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் வசூல் பட்டியலை என் மடிக்கணினியில் தொகுத்து எடுத்துப் போனேன். பென்டிரைவைத் தனி டிரைவர் இல்லாமல் விண்டோஸ் 98 கண்டுகொள்ளாது. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கி, 1.44 எம்பி பிளாப்பியில் ஏற்றினேன். கோப்பு திறக்கவில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் 2007-இல் வந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் ஆகச் சேமித்தேன். திறந்தது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. யூனிகோடு தமிழைக் காட்டும் வசதி விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. மொத்தத் தொகை சரியாக இருந்தது. அப்பா ஒரு எண்ணைத் திருத்தியதும் அதுவும் பிழையாக மாறியது. நான் போட்டிருந்த சம்இஃப்ஸ் சூத்திரமும் 2007-இல் வந்ததுதான்.

“உன் மெஷினுக்குப் புரியற மாதிரிதானே எழுதியிருக்க?” என்றார்.

சரிசெய்ய ஒரு மாலைதான் ஆனது. பெயர்களை, 1999-இல் தமிழக அரசு தரமாக ஏற்ற டேப் குறியேற்றத்துக்கு மாற்றினேன். அந்த எழுத்துரு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. சம்இஃப்ஸ் இருந்த இடத்தில் சம்ப்ராடக்ட் போட்டேன். இந்த ஒரு மாலையைத் தர மனமில்லாமல்தான் ‘புதுசு வாங்குங்க’ என்கிறோம்.

பழைய வடிவம் ஆபத்து, இங்கிலாந்தைப் பார் என்பார்கள். பார்ப்போம். 2020-இல் ஆய்வகங்களிலிருந்து சிஎஸ்வி ஆக வந்த கொரோனா முடிவுகளை அங்கே பொதுச் சுகாதாரத் துறை எக்ஸ்எல்எஸ் கோப்புகளில் ஏற்றியது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான், புதியதில் 10,48,576. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்தன. தொற்று உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. வடிவத்தின் எல்லை ஊரறிந்தது. ஏற்றியபின் எண்ணிப் பார்க்காததுதான் தவறு.

அப்பா எண்ணிப் பார்ப்பார். பிளாப்பியோடு ஒரு துண்டுச்சீட்டு கேட்பார்: கடைசி வரிசை எண், மொத்தத் தொகை. ஷிப்ட் மாறும்போது பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். இரண்டாம் மாதம் இரண்டும் பொருந்தின. ஆனாலும் மறுநாள் போன் வந்தது. “ஒரு அக்கவுண்ட் நம்பர்ல முன்னாடி பூஜ்யம் ரெண்டு காணோம்டா.” இடையில் ஒரு சிஎஸ்வி கோப்பை நான் எக்செலில் நேரடியாகத் திறந்திருந்தேன். என் புதுக் கணினி கணக்கு எண்ணை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு பூஜ்யங்களை விழுங்கிவிட்டது. அது அந்த வாரம் பணம் போக வேண்டிய கணக்கு. கணவர் இறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

தூக்கிப் போடச் சொன்ன பெட்டியில்தான் அது பிடிபட்டது. புதியது பழையதைப் படிக்கும் என்று பெருமைப்படுகிறோம். பழையதில் படிக்கும்படி எழுதிக் கொடுப்பதும் நம் வேலைதான். சங்கத்துக்கோ பள்ளிக்கோ ஒரு கோப்பு அனுப்பும் முன் அந்தப் பக்கம் என்ன கணினி என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மாதம் ஒருமுறை இன்னும் பிளாப்பி எழுதுகிறேன். சீட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: கணக்கு எண்ணுக்கு எத்தனை இலக்கம்.